பேர் எழுதாத பதினேழாம் விதி

சவரியம்மாள் அக்கா செத்துப்போன செய்தி எனக்கு ஒரு துண்டுத் தாளில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே நான் டைப் அடிக்கிற ஜெராக்ஸ் கடைக்கு குருசாமி அண்ணாச்சி வந்தார். ராஜபாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்தே வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இத அடிச்சு அம்பது காப்பி போடுலே" என்று தாளை மேசையில் வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். முதலில் என் கண்ணில் பட்டது வயதுதான். நாற்பத்தொன்பது. மேலே இருந்த பேரை அப்புறம்தான் படித்தேன்.

"வாயால சொன்னா என்ன அண்ணாச்சி?"

"எழுதிக் குடுத்தாத்தானலே செல்லும்" என்றார். திரும்பவே இல்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று மில்லில் எங்களோடு இருந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இது. முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தா என்று ரீலிங் பெண்கள் கேட்டார்கள். நல்லது அக்காவிடம் நிறைய இருந்தது. அவருக்கு நடந்தது நல்லதல்ல. இரண்டையும் எழுதுகிறேன்.

எங்களுடையது நூல் மில். அக்கா ரீலிங்கில், அதாவது நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற பகுதியில் இருந்தார். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்பின்னிங்கில் சேர்ந்தவன். நான் சேர்ந்த இரண்டாம் வருடம் நிர்வாகம் மில்லுக்குப் புது விதிகள் எழுதியது. கேட் எத்தனை மணிக்கு மூடும், லீவு எப்படி, தண்டனை என்ன என்று இருபத்திரண்டு விதி. எல்லாம் இங்கிலீஷில். மதுரையில் லேபர் ஆபீசர் முத்திரை வைத்தால்தான் அவை அமலுக்கு வரும். அதற்கு முன்னால் தொழிலாளிகள் பார்த்து, ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்ல வேண்டும். எங்கள் மில்லில் சங்கம் கிடையாது. மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இங்கிலீஷ் வாசிப்பான் என்று என்னைப் போட்டார்கள். யாருக்கும் ஆகாதவர் இல்லை என்று, பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பகுதி குருசாமி அண்ணாச்சியைப் போட்டார்கள். அக்காவை அவருடைய வாய்க்காகப் போட்டார்கள்.

முதல் நாள் மத்தியான இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். இருபத்திரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துத் தமிழில் சொல்லி முடித்தேன். "பெரிசா ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

"ஏலே பாலு, கோட மழ மாதிரி சடசடன்னு ஊத்திட்ட. ஒரு சொட்டு மண்ணுக்குள்ள எறங்கல" என்றார். "மொதல்ல இருந்து வா. ஒரு விதி படி. அது யாரு தலையில மொதல்ல விழும்னு ஒரு ஆளு பேரு சொல்லு. பேரு சொன்ன பொறவுதான் அடுத்தது."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வேலைமுறை. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு பேர். ஒரு நாளைக்கு இரண்டு விதிக்கு மேல் ஓடாது. எனக்கு எரிச்சலாக வரும். அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

நாலாம் விதி: ஐந்து நிமிடம் பிந்தினால் கேட் மூடப்படும், அன்றைக்கு வேலை இல்லை. நாங்கள் எழுதிய பேர் பொன்னையா. சுந்தரபாண்டியத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்; அந்த பஸ்ஸே ஷிப்ட் தொடங்குகிற நேரத்துக்குத்தான் ஸ்டாப்புக்கு வரும். முட்டி வலிக்காரர். பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட்டுக்கு நான் நடந்து பார்த்தேன், நாலே நிமிடம். "போதும்லாக்கா" என்றேன்.

"நீ நடக்குறத எவன் கேட்டான்? பொன்னையா மாமா முட்டிய வாங்கி மாட்டிக்கிட்டு நட."

மறுநாள் விடிகாலை பஸ்ஸுக்கு முன்னால் அக்கா ஸ்டாப்பில் நின்றார். பொன்னையாவோடு அவர் நடையிலேயே நடந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். பாதி வழியில் கிழவர் நின்றார். "வெத்தல துப்புறதயும் சேத்து எழுதிக்கலே" என்றார். பதினொரு நிமிடம் ஆனது. ஐந்து என்பதைப் பதினைந்தாக்க வேண்டும் என்று எழுதினோம்.

ஒன்பதாம் விதி, வேலை முடிந்து வெளியேறுகிறவர்கள் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றது. யார் சோதிப்பது என்று அதில் இல்லை. பக்கத்தில் எழுதிய பேர் முத்துலட்சுமி, கைக்குழந்தைக்காரி. பெர்சனல் மேனேஜர் ரூமில் இந்தப் பேச்சு வந்தபோது அவர், "இதெல்லாம் சம்பிரதாயத்துக்கு எழுதுறதும்மா, யாரும் தப்பா நடக்க மாட்டாங்க" என்றார்.

அக்கா உட்காரவில்லை. "முத்துலட்சுமி பேரு வேணாம் சார். உங்க வீட்டம்மா பேரப் போட்டுக்கிடுதோம். கோயிலுக்குப் போயிட்டு வெளிய வாராவ. வாச்மேன் தடவிப் பாக்கான். சரியா வருமா?"

மேனேஜர் காது வரை சிவந்தார். பேனாவை எடுத்து, பெண்களைப் பெண்களே தனி அறையில் சோதிக்க வேண்டும் என்று அவரே எழுதினார். வெளியே வந்ததும் அண்ணாச்சி, "உனக்கு அடுத்த வாரம் சீட்டுக் கிழியப் போவுது" என்றார். "கிழிக்கட்டும், அதுக்கும் ஒரு விதி இருக்கும்லா, பாலு வாசிச்சுச் சொல்லுவான்" என்று அக்கா சிரித்தார்.

பதினைந்தாம் நாள் ஒரு சனிக்கிழமை. புரட்டாசிச் சனி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், மலைமேல் பெருமாளைப் பார்க்கக் கூட்டம் நெரியும். என் கூட்டாளிகள் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். மேனேஜர் நாங்கள் கேட்ட திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டிருந்தார். மீதிக்கு ஆட்சேபணை இல்லை என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் மத்தியானத் தபாலில் மதுரைக்குப் போய்விடும். பேர் எழுதாமல் நின்றது ஒரே விதி, பதினேழு. எழுத்து மூலம் அனுமதி பெறாமல் எட்டு நாளுக்கு மேல் வராதவர், வேலையைத் தானாகவே விட்டுவிட்டதாகக் கருதப்படுவார்.

"இதுக்கு ஒரு பேரு சொல்லு" என்றார் அக்கா.

யோசித்தோம். ஒருவர் பேரும் வரவில்லை. எங்கள் மில்லில் சொல்லாமல் நின்றவர் யாரும் கிடையாது. காய்ச்சலோ பிரசவமோ, பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்லிவிடுவோம். அவர் மேஸ்திரியிடம் சொல்லுவார். மேஸ்திரி சரி என்பார். லீவு என்றால் அதுதான். 'எழுத்து மூலம்' என்று நான்தான் வாசித்தேன். என் வாயில்தான் அது வந்தது. மூன்று பேர் காதிலும் அது விழவே இல்லை.

"எட்டு நாளு சொல்லாம கொள்ளாம எவ இருப்பா? அப்பிடி ஒரு ஆளே கெடையாதுக்கா. போடுங்க" என்றேன்.

"பேரு இல்லாத விதிக்குத்தாம்லே எனக்குப் பயம். செத்த இரு."

"நேரமாவுதுக்கா."

"உங்க பெருமாள் மலமேலதான நிக்காரு? எறங்கி ஓடவா போறாரு?"

"பஸ்ஸு ஓடிரும்லா!"

அக்கா என்னையே பார்த்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு எழுத்தாக, சவரியம்மாள் என்று போட்டார். நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

விதிகள் அமலுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு வயிற்றில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேசன். போகிற அன்றைக்கு குருசாமி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார். அண்ணாச்சி ரீலிங் மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி சரி என்றார். எல்லாம் வழக்கம்போல. இருபது நாள் கழித்து அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோழபுரத்து வீட்டிலிருந்து வந்து கேட்டுக்குள் நுழைந்தார். டைம் ஆபீஸ் பலகையில் அவருடைய கார்டு இருக்கிற இடம் காலி.

மேனேஜர் பதினேழாம் விதியைக் காட்டினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தையும் காட்டினார். "நீங்களே பாத்து ஒத்துக்கிட்டதுதானம்மா" என்றார். ஒன்பதாம் விதியில் தன் வீட்டம்மாவை இழுத்தவர் அக்காதான் என்பதை அவர் மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஞாபகம் இல்ல சார்" என்றார் அவர். அண்ணாச்சி எல்லார் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டு, "நான் சொன்னம்யா, இந்த வாயாலதான சொன்னேன்" என்று தன் வீட்டுத் தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். வாயால் சொன்னதற்கு அந்த ரூமில் மதிப்பில்லை.

நான் அந்த வாரமே வேலையை விட்டேன். பெரிய தியாகம் போல அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே திட்டினார்.

"எதையாவது பாதியில விடுறதுக்கு உனக்குச் சொல்லியா குடுக்கணும்? நீ உள்ள இருந்தா அந்த விதிய மாத்தச் சொல்லி எழுதிப் போட ஒரு ஆளு இருந்துருக்கும். இப்ப அதுவும் போச்சு."

"என்னாலதானக்கா..."

"ஆமா, உன்னாலதான். நீ அவசரப்பட்ட. உனக்கு அது பெறவியிலேயே உள்ளது. எனக்கு என்ன வந்துச்சு? கையெழுத்துப் போட்ட கை என் கைதான. சாப்பிடு."

'உன் தப்பு இல்லப்பா' என்று ஒருநாளும் அவர் சொல்லவில்லை. சொல்லாததற்காகத்தான் நான் தொடர்ந்து அவர் வீட்டுக்குப் போனேன்.

மேலே எழுதிப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா பேண்டேஜ் துணி மடிக்கிற ஷெட்டுக்குப் போனார். அங்கே விதி என்று எதுவுமே கிடையாது. வா என்றால் வர வேண்டும், போ என்றால் போக வேண்டும். "விதின்னு ஒண்ணு இருந்தா அதோட மல்லுக்கட்டலாம்லே. இங்க யாரோட கட்ட?" என்பார். முத்துலட்சுமியை வீட்டுக்கு வரவழைத்து, பதினேழைத் திருத்தக் கேட்டு ரீலிங் பெண்களிடம் கையெழுத்து வாங்க வைத்தார். அதை அடித்துக் கொடுத்தது நான்தான். அது இன்னும் யாரோ ஒருவர் மேசையில் கிடக்கிறது. அதற்குள் கட்டி திரும்ப வந்துவிட்டது.

அடக்கத்துக்கு மில்லிலிருந்து மலர் வளையம் வந்தது. மேனேஜரும் வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் என் தோளைத் தொட்டு, "நல்ல தொழிலாளிப்பா. மில்லுக்கே இழப்பு" என்றார்.

"எழுத்து மூலமாக் குடுங்க சார்" என்றேன்.

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த விதிகளின் நகல் ஒன்றுதான். ஓரத்தில் பென்சிலில் இருபத்தொரு பேர். பதினேழுக்குப் பக்கத்தில் வெறும் தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "உங்க பேர அதுல எழுதிரட்டாக்கா?" என்று கேட்டேன்.

"எழுதாத" என்றார். "எழுதிட்டன்னா முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கிடுவ. அடுத்தவ யாருன்னு தேட மாட்ட."

எழுதவில்லை. இப்போது கடைக்கு யார் என்ன தாளைக் கொண்டுவந்தாலும், அடிப்பதற்கு முன்னால், இது யார் தலையில் விழும் என்று ஒரு பேர் கேட்கிறேன். வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. பஸ் போய்விடும் என்கிறார்கள். போகட்டும் என்கிறேன்.