புளிக்காத ரொட்டி

தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருக்கிறேன் என்று வீம்பு பிடித்தவள் நான். ஒருவேளைச் சாப்பாட்டில் கடைசி வாரம் காது லேசாக அடைத்து, ஓசூரே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தெரியும். அறுபதுகளின் கடைசியில், ஈஸ்டருக்கு முன்னால் வந்த ஒரு பெரிய வாரம் அந்த மயக்கத்தோடுதான் எனக்கு நினைவிருக்கிறது.

பக்கத்து வீட்டில் ரோடு வேலைக்கு வந்த பம்பாய் இன்ஜினீயரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். அவர் பாதி நாள் ரோட்டோரக் கூடாரத்தில்தான். அவளோ நிறைமாசம், பெங்களூரில் வளர்ந்தவள், தாய் இல்லாதவள். பிரசவத்துக்கு என் அம்மாதான் துணை என்று பேச்சு. கன்னடமும் தமிழும் கலந்து அவள் பேசுவதைக் கேட்க எனக்கு அத்தனை ஆசை. அந்த வாரம் வீட்டையே கவிழ்த்துப்போட்டுக் கழுவினாள். எங்களைப் போல ஈஸ்டருக்குத்தான் என்று நினைத்தோம்.

பெரிய வியாழனன்று அம்மா கேட்டாள்: "நீங்க எந்தக் கோயிலுக்கும்மா போவீங்க?"

"நாங்க யூதருங்கம்மா. நேத்துலேர்ந்து எங்களுக்குப் பாஸ்கா."

அம்மா விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று மாலை கோயிலுக்குப் போகும்போது பெரிய நிலா. மாந்தோப்புக் காற்றில் நான் மிதந்துகொண்டே நடந்தேன். மறுநாள் பெரிய வெள்ளி, பாடுகளின் வாசகத்தில் ஆண்டவரைச் சிலுவையில் அறையச் சொன்ன 'யூதர்கள்' என்று வரும்போதெல்லாம் அவள் தோள் இறுகியது. வேதாகமத்துக்கு வெளியே, கொடியில் புடவை காயப்போடும் யூதரை அவள் பார்த்ததில்லை. சனிக்கிழமை அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. வலி எடுத்தால் அந்தப் பெண் யாரைக் கூப்பிடுவாள்?

உயிர்ப்பு ஞாயிறு காலை, பெங்களூர் பஸ்ஸில் வந்த பன்களை அம்மா தட்டில் அடுக்கினாள். "என்ன இருந்தாலும் பண்டிக நாளு. குடுக்காம எப்பிடித் தின்றது?"

நாங்கள் போய்க் கூப்பிட, வாசலுக்கு வந்த அந்தப் பெண் தட்டை வாங்கவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா, பண்டிக முடியறவரைக்கும் புளிச்ச மாவு வீட்டுக்குள்ள வரக்கூடாது."

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர்கள் விடுதலையாகிக் கிளம்பிய அவசரத்தில், மாவு புளிக்க நேரமில்லையாம். அதன் நினைவாக வெறும் ரொட்டிதான். எங்களுக்கோ ஆண்டவர் உயிர்த்த நாள். நோன்பு முடிந்து வயிறாரச் சாப்பிடும் நாள். ஒரே பௌர்ணமியை ஒட்டி வந்த இரண்டு பண்டிகைகளும் ஒரு தட்டு பன்னில் முட்டிக்கொண்டன.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. திரும்பிவிடுவாள் என்றே நினைத்தேன். தட்டை என் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனாள்.

"அப்ப உன் ரொட்டியக் குடு."

உப்பில்லாத, வறண்ட ரொட்டி. மென்றுகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏம்மா, எங்க ஆண்டவரு கடைசி ராத்திரி பிட்டுக் குடுத்தது பாஸ்கா அப்பந்தான? அப்படின்னா இந்த ரொட்டியத்தானா?"

"இதேதாம்மா. அவரு எங்க வீட்டுப் புள்ளதானே."

அம்மா அழுதுவிட்டாள். மிச்சமிருந்த துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "தல எறங்கிருச்சு. இனிமே தனியாப் படுக்காத, நான் வந்துடறேன்" என்றாள்.