எழுத்து வெளியே தெரிந்த பூ

தெருவில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். கையில் ஒன்று, வாயில் ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறாள் என்பார்கள். கையில் இருந்தது அவளுக்கும் தங்கைக்கும் சோறு போட்டது. வாயில் இருந்தது அந்தச் சோற்றில் மண் அள்ளிப் போட்டது.

துணி வெளுக்கும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இரண்டு அறைகள். மதியமானால் கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஜன்னல் வழியாக ஏறிவந்து காகிதத்தை நமுத்துப்போக வைக்கும். அதனால் வெட்டுகிற வேலையெல்லாம் காலையில், சுருட்டுகிற வேலை சாயங்காலம். அவள் செய்தது காகிதப்பூ. பிடித்த பெண்ணிடம் போய்க் கல்யாணத்துக்குக் கேட்கப்போகிற ஆண்கள்தான் வாடிக்கைக்காரர்கள். பூ நல்ல பூவாக அமைந்தால் கேட்கிறவன் எப்படிப்பட்டவன் என்பதைப் பெண்கள் கொஞ்ச நேரம் மறந்துபோவார்கள் என்பது அவள் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

காகிதத்தை வாடிக்கைக்காரரே கொண்டுவர வேண்டும். இரண்டு பேரும் எழுதிக்கொண்ட கடிதம், சேர்ந்து போன பஸ் டிக்கெட், சண்டை போட்ட அன்று சாப்பிட்ட ஹோட்டல் பில், எதுவானாலும் சரி. அதில்தான் ஐந்து பூ. இதழ்களை வெட்டி, ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் ஓரம் சுருட்டி, கம்பியில் கட்டி, உருக்கிய மெழுகில் ஒரு முக்கு. நடுப்பூவின் உள்ளே, ‘என்னைக் கட்டிக்கிறியா?’ என்று எழுதிய சின்னச் சீட்டு. அவளுக்கு இரண்டு சட்டம் உண்டு. எழுத்து எப்போதும் இதழின் உள்பக்கம் போகும். கொண்டுவந்த காகிதத்தை அவள் படிக்க மாட்டாள். "ஊரார் கொஞ்சலைப் படிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்பாள். உண்மையான காரணம் வேறு. படித்தால் வாய் சும்மா இருக்காது என்று அவளுக்கே தெரியும்.

தாயும் தகப்பனும் ஒரே வருடத்தில் போனபோது தங்கைக்குப் பதினொரு வயது. அக்காதான் தாய், அக்காதான் தகப்பன், காய்ச்சலுக்குக் கஷாயமும் அவள்தான், தப்புக்குக் குட்டும் அவள்தான். தங்கை படித்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவன் அவளை விரும்பினான். சாதுவான பையன். வீட்டுக்குப் பேச வந்த அன்று, அவன் கடை ஆட்கள் நாலு பேர் கூட உட்கார்ந்திருக்கும்போதே கத்தரிக்கோல் கேட்டுவிட்டாள்.

"தம்பி, குடிக்கிறதெல்லாம் சாயங்காலத்துலயா, இல்ல காலையிலேயே ஆரம்பிச்சிடுவீங்களா? ரெண்டு தடவை பாத்தேன், தெருவுல தள்ளாடிக்கிட்டுப் போனீங்க."

அவன் எழுந்து போய்விட்டான். அவனுக்குக் காதுக்குள் ஏதோ நோய், திடீரென்று தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனபோது அவன் ஊரைவிட்டே போயிருந்தான். மூன்று மாதம் தங்கை அவளோடு பேசவில்லை. பேசிய அன்று கையை நீட்டினாள்.

"இனிமே என் விஷயத்துல நீ வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

கத்தரிக்கோல் தங்கையின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்ததோடு காப்பாற்றவும் செய்தாள். அதுதான் இந்தக் கதையில் உள்ள கேடு.

இரண்டு வருடம் கழித்து லிஃப்ட்காரர் வந்தார். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற பேச்சு. தங்கை அவரைச் சொல்லும்போதே முகம் மாறும். ஒருநாள் காலை அவர் தனியாக மாடியேறி வந்து, நீலக் கோடு போட்ட காகிதக் கட்டு ஒன்றை மேசையில் வைத்தார்.

"அக்கா, அவளுக்குத் தெரிய வேண்டாம். இது அவ எனக்கு எழுதுனது. அஞ்சு பூ பண்ணிக் கொடுங்க." போகும்போது வாசலில் நின்று கேட்டார். "எழுத்து உள்பக்கம்தானே போகும்?"

"ஆமா."

"நீங்க படிக்கவும் மாட்டீங்கன்னு சொன்னாங்க."

"படிக்க மாட்டேன்."

"அப்போ சரி."

அன்று காலையே நாலு தாளாக அடுக்கி வெட்டி முடித்தாள். சட்டம் சட்டம்தான், கண்ணைக் காகிதத்தின் ஓரத்திலேயே வைத்திருந்தாள். சாயங்காலம் ஓரம் சுருட்ட முதல் இதழை ஊசியில் ஏற்றியபோதுதான் எழுத்து கண்ணில் பட்டது. தங்கையின் எழுத்து இடப்பக்கம் சாயும், கையைப் பிடித்து அ எழுதவைத்தவளே இவள்தான். இது உருண்டையான எழுத்து. வேறு யாரோ ஒரு பெண்.

ஊசியைக் கீழே வைத்தாள். வெட்டிய இதழ்களை மேசை முழுக்கப் பரப்பினாள். முழுக் கடிதமாக இருந்திருந்தால் பெயராவது தேதியாவது கிடைத்திருக்கும். அவள் கத்தரிக்கோலே அதைத் துண்டாக்கிவிட்டிருந்தது. ஓர் இதழில், ‘கை இன்னும் கூடவில்லை’. இன்னொன்றில், ‘வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள், நான் சத்தம்’. மற்றொன்றில், ‘கேட்டவர்களிடம் மாடிப்படியில் விழுந்ததாகத்தான் சொன்’.

உடனே அந்தக் கடிகாரப் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்தது. இவருக்கு ஒரு தங்கை இருந்து, அவள் தன் புருஷனிடம் கெஞ்சியதையெல்லாம் அண்ணனுக்கு எழுதியதாக இருந்தால்? சூடு கண்ட பூனை அவள். ஒவ்வோர் இதழாகத் திருப்பிக்கொண்டே போனாள். கடைசிக்கு முந்தின இதழில் இருந்தது: ‘உங்களுக்குக் கோபம் வரும்படி இனி நடக்க மாட்டேன்’. அண்ணனுக்கு எழுதுகிற வரி இல்லை அது, அவருக்கே எழுதியது.

தங்கையின் கடிதங்களை அவர் தூக்கிப்போட்டிருக்க வேண்டும். பூவாகிவிட்டால் எந்தக் காகிதமாக இருந்தால் என்ன என்று கைக்குக் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெட்டியில் கிடந்த பழைய பாவம் பிரயோஜனப்பட்டதே என்று நினைத்திருப்பார்.

கண்ணாடிக் கடை நாலு தெரு தள்ளித்தான். செருப்பைக்கூட மாட்டினாள். மாட்டிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். போய்ச் சொன்னால் தங்கை கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: மறுபடியுமா? அப்புறம் இருக்கிற உறவும் போகும், அவள் அவரிடம்தான் போவாள். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? கையைக் கட்டவில்லையே என்று தனக்குத்தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். செருப்பைக் கழற்றினாள்.

முதல்முறையாக எழுத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பூ கட்டினாள். கொடுமையான வரிகளையெல்லாம் பொறுக்கி வெளி இதழ்களில் வைத்தாள். மெழுகில் முக்கியதும் காகிதம் கண்ணாடியாகி, மை கறுத்து, எழுத்து எடுப்பாக நின்றது. அவள் கையிலிருந்து வந்ததிலேயே அதுதான் அழகான பூ. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லிஃப்ட்காரர் வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "எழுத்து உள்ளே போகும்னு சொன்னீங்களே?"

"ஞாபகப் பிசகு."

"பரவாயில்லக்கா. பூவை யாரு படிக்கப்போறாங்க?"

மறுநாள் தங்கை இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிவந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து பூ. "அக்கா, சரின்னு சொல்லிட்டேன்! கடையில எல்லாரும் கைதட்டுனாங்க. என் லெட்டராம்! எழுத்தெல்லாம் வெளிய தெரியுது, புதுசா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாக்காம?"

"படிச்சியா?"

"போக்கா. நான் எழுதுன அசட்டுத்தனத்தை நானே படிக்கணுமா? வெட்கமா இருக்கு." முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள். கத்தரிக்கோலுக்கு வாய் திறந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தங்கையின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். "பத்திரமா வச்சுக்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கல்யாணமான முதல் வருடம் தங்கை வாராவாரம் வந்தாள். அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை. அப்புறம் அத்தி பூத்தாற்போல. பெண் குழந்தைக்கு மூன்று வயதானபோது, கட்டுப்போட்ட கையோடு வந்து, கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"மாடிப்படியில விழுந்துட்டேன்கா."

அந்த வரியை அக்கா ஏற்கெனவே மேசைமேல் வைத்துப் படித்திருக்கிறாள். அப்போதும் சொல்லவில்லை. முதலில் சொல்லாததை இப்போது எந்த முகத்தோடு சொல்வது? இப்படித்தான் ஒரு நாள் ஆறு வருடமாகிறது.

ஒரு மதியம், கீழே இஸ்திரி ஆவி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், தங்கை ஒரு பையோடும் மகளோடும் வந்து நின்றாள். திரும்பிப் போகப்போவதில்லை என்று அவள் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. கண்ணாடிச் சட்டத்தின் குட்டித் திருகாணியை இனி அந்தக் கையால் பிடிக்க முடியாது. பையில் நாலு துணியும் அந்தக் கண்ணாடிப் பெட்டியும் இருந்தன. அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

குழந்தைக்கு அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. கடைப் பலகை, மருந்துச் சீசா, தீப்பெட்டி எதையும் விட்டுவைக்காது. மூன்றாம் நாள் காலை தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பூவோடு மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டது.

"வெ... ளி... யே... பூட்டி... விட்டு... போகா... தீர்கள்."

தங்கை குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. "எங்கடி படிக்கிற?"

"பூவுல."

தங்கை வந்து பூவை வாங்கி ஜன்னலோரம் போய் நின்றாள். ஐந்து பூவையும் ஒவ்வோர் இதழாகத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அடுப்பில் குழம்பு தீய்கிற நாற்றம் வந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

"இது என் எழுத்து இல்ல."

"இல்ல."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பூ கட்டும்போதே. நீ பாப்பேன்னுதான் எழுத்தை வெளிய திருப்பி வச்சேன். சத்தியம் வாங்கியிருந்தியே..."

தங்கை கோணல் கையை மற்றக் கையால் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"சத்தியத்தைக் காப்பாத்திட்டே" என்றாள் தங்கை. அக்காவிடம் அவள் நேராகப் பேசிய கடைசி வார்த்தை அது.

போக்கிடம் இல்லாததால் அவள் போகவில்லை. அதே இரண்டு அறைகளில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். பேச வேண்டியதைக் குழந்தைதான் சுமக்கிறது. பெரியம்மாவைச் சாப்பிடச் சொல்லு. பெரியம்மாகிட்ட சோப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்லு. அரைக்கை நீளத்தில் உட்கார்ந்திருந்தாலும் குழந்தை எழுந்து வந்து சொல்லும்.

கத்தரிக்கோல் இப்போதெல்லாம் கொண்டுவருகிற காகிதம் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் வெட்டுகிறாள். அது வெளியே தெரிந்து பாதி வாடிக்கை நின்றுவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

போன வாரம் ஒரு காலை, அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை உள்ளேயிருந்து வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பெரியம்மா, அம்மா கேக்கச் சொன்னாங்க. அந்தப் பூவுல எழுதியிருக்காங்களே, அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

கத்தரிக்கோல் கையை நிறுத்தினாள். ஆறு வருடத்தில் ஒரு தரம்கூட அவள் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கை கூடியதா, கதவை யாராவது திறந்துவிட்டார்களா, உயிரோடுதான் இருக்கிறாளா, எதையும் நினைத்ததில்லை. அந்த எழுத்தில் தங்கைக்கு வரப்போவதை மட்டும்தான் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.

குழந்தை உள்ளே போய், பொறுப்பாக ஒப்பித்தது.

"தெரியாதாம்மா."