டேப் கிறீச்சிட்டால் நிறுத்து

எழுபதுகளில், நாட்டுப்பாட்டும் ஜாஸும் கலந்த ஒரு புகழ்பெற்ற ஆங்கில ஆல்பம் பதிவானது நான் வேலை செய்யும் லண்டன் ஸ்டூடியோவில்தான். அதை மறுபடி வெளியிடுவதற்காக மூல ரீல் என்னிடம் வந்தது. பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றுவது என் வேலை. இந்த ரீல் ஈரம் ஏறிப் பிசுபிசுத்துக் கிடந்தது. இப்படிப்பட்டதை மெல்லிய சூட்டில் ‘பேக்’ பண்ணி, ஆறவிட்டுத்தான் ஓட்டுவோம். அதன் பிறகும் எதற்கும் உத்தரவாதம் கிடையாது.

அந்த ஆல்பத்தில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவர், என்னைப் போலவே யாழ்ப்பாணத்துக்காரர். மகள் ரதி பிறக்கும் முன்பே இறந்துபோனார். ரீல் வந்த செய்தி கேட்டு ரதி கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா வாசிச்ச ரெக்கோட் வீட்டில கிடக்குது, அண்ணை. கதைச்சதைக் கேட்டதேயில்லை. பாட்டுகளுக்கு இடையில கதைச்சிருப்பார்தானே?”

“அந்த நேரம் டேப்பை ஓடவிட்டிருப்பினம். பாப்பம், தங்கச்சி.”

சென்னைக்காரரான எங்கள் முதலாளி கதவில் நின்று எச்சரித்தார்.

“பேச்செல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பாட்டு போச்சுன்னா கம்பெனிக்காரன் என் கழுத்தைப் பிடிப்பான்.”

முதல் பாட்டு சுத்தமாக வந்தது. முடிந்ததும் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஓர் ஆண்குரல்: “சொறி, மை மிஸ்டேக்...” ‘சாரி’யைச் ‘சொறி’ என்னும் அசல் எங்கள் ஊர் ஆங்கிலம்; அவரேதான். ரதி என் கையைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து மெஷின் கிறீச்சிட்டது. டேப்பைப் படிக்கும் ஹெட் முழுக்க, அதிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூள். அப்படியே ஓடவிட்டால் அடுத்த பாட்டும் உரிந்துபோகும். நிறுத்தினேன்.

“ஏன் அண்ணை நிப்பாட்டினீங்கள்? அவர் இன்னும் கதைக்கிறார்!”

ஹெட்டில் ஒட்டியிருந்த டேப்பை எவ்வளவு மெதுவாகப் பிரித்தும் ஒலி பதிந்த பூச்சு உரிந்து வந்தது. துடைத்து, மீண்டும் பேக் பண்ணி, மறுநாள் ஓட்டினேன். அடுத்த பாட்டு பழுதில்லாமல் கிடைத்தது. அவர் பேசிய இடத்தில் வெறும் இரைச்சல்.

முதலில் பதிவாகியிருந்த அந்த மூன்று சொற்களை ரதிக்குப் போட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“பாட்டைக் காப்பாத்திப் போட்டீங்கள். அது ஊர் முழுக்க எல்லாரிட்டையும் கிடக்குதே, அண்ணை.”

நான் ரீலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: கிறீச்சிட்டால் நிறுத்தத்தான் வேண்டும். ஓடவிட்டிருந்தால் பேச்சும் போயிருக்கும், பாட்டும் போயிருக்கும். இன்றைக்கும் நிறுத்துவேன். ஆனால் வேலை முடியும்வரை டேப்பில் இருப்பவரின் சொந்தக்காரர் யாரையும் அறைக்குள் விடுவதில்லை. இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.