ஜைதூன் பீயின் கடல் ஜாடி

மயிலாப்பூரில் கல்யாணம் என்றால் பந்தல்காரருக்கு அடுத்தபடி ஷரஃபுதீன் பாயைத்தான் தேடுவார்கள். பன்னீர் காய்ச்சுவதில் மனுஷர் சூரர். வீட்டு விஷயத்தில் சுத்தப் பூஜ்யம். 1934-இல் மனைவி ஜைதூன் பீ மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவர் அழவில்லை. கல்நெஞ்சன் என்று தெரு பேசியது. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, மரத்துப்போயிருந்தார், அவ்வளவுதான். மருமகள் ஹாஜிரா ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். பாய் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

ஜைதூன் பீ ஆசையாக வளர்த்தது ஜன்னலோரத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. அது நிறையக் கடல் தண்ணீர். கரைவலையில் சிக்கியதென்று மீன்காரி வேலம்மா கொடுத்த கல், அதன்மேல் பச்சைப் பாசி, பொடிப்பொடியாக நாலு இறால், காலிச் சங்குக்குள் குடித்தனம் நடத்தும் ஒரு நண்டு, கல்லோடு ஒட்டிய ஒரு கடல்பூ. பேர்தான் பூ; இதழை விரித்து இரை பிடிக்கிற பிராணி அது.

ஒருதரம் அவள் அந்த ஜாடியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துப் பாய் சீறினார். "கடல் ஜீவனுக்குக் கெணத்துத் தண்ணியா? பைத்தியமா உனக்கு?" அவள் ஜாடியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் போனபின் அந்தத் தப்பு நடக்கக்கூடாது என்று, தினமும் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் சாந்தோம் கரைக்கு நடந்து, ஒரு சொம்பு கடல் தண்ணீர் மொண்டுவந்து, ஜாடியில் வற்றிய அளவுக்கு ஊற்றினார். அவளுடையது என்று உயிரோடு மிஞ்சியது அந்த ஜாடிதான், அது சாகக்கூடாது. ஆனால் முதலில் இறால்கள் செத்தன. பிறகு நண்டு சங்கைவிட்டு வெளியே வந்து கிடந்தது. மூன்றாம் மாதம் பூவும் சுருங்கி மிளகளவு ஆயிற்று.

வாசலுக்கு வந்த வேலம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் விரலை விட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா பாய், உப்பளமா கீது! இன்னாத்த ஊத்துனே?"

"கடல் தண்ணிதான். தெனமும்."

"காயறப்போ தண்ணிதான் போவும், உப்பு எங்க போவும்? உள்ளாறவே தங்கிக்கினு கீது. கொறஞ்சதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். பீபி அப்டித்தானே ஊத்தும்?"

ஆவியாகப் போவது பன்னீர், அண்டாவில் தங்குவது சக்கை. முப்பது வருஷமாக அடுப்பருகே நின்று பார்த்த மனுஷர்! ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

பாயும் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். சுரீரென்று கரித்தது. துப்பவில்லை.

"நான்தான் கொன்னேன்," என்றார்.

"உசுரோட கீறதையாச்சும் பாரு. ஒரேயடியா ஊத்தாதே, கொஞ்சகொஞ்சமா ஊத்து."

அப்படியே செய்தார். கிணற்றுத் தண்ணீர், வேளைக்கு ஒரு கரண்டி. ஒவ்வொரு தரமும் விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டார். எட்டாம் நாள் காலையில் பூ இரண்டு இதழை நீட்டியது.

அன்று மத்தியானம் முதல் வாய் சோற்றோடு பாயின் கை நின்றது.

"கொழம்புல உப்பு தூக்கலா கீதும்மா."

மூன்று மாதத்தில் சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. ஹாஜிரா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். பாய் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தார்.