மதியத்தில் மட்டும் பொருந்தும் பைப்

மலையில் தண்ணீர் கொண்டுவரும் கறுப்பு பைப்புக்குக் காலையில் ஒரு நீளம், மதியத்தில் ஒரு நீளம். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் தேங்காய் எண்ணெய் இறங்காது, அடுப்புப் பக்கம் வைத்தால் இறங்கும் என்று பார்த்தவர்களுக்கு இதுவும் புரிய வேண்டும். எங்கள் ஊருக்கு பைப் போட வந்தவர்களும் தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள்தான்.

பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலை எனக்கு. விடிகாலை ஐந்து மணிக்கு ஊற்று வரை ஏறி, வால்வைத் திறந்து, பைப்பை ஒட்டியே இறங்கி வந்து, ஊருக்கு மேலே இருக்கும் தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதாலேயே எனக்குப் பிடித்த வேலை. நான்கு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு எழாது.

புது பைப் போட்டது கார்த்திகையில், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு வாரத்தில். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மலைக்குக் கீழே ஆலங்காயத்திலிருந்து ஆட்களோடு ஜீப்பில் வருவார். வந்து சேரப் பதினொன்று ஆகும். டீ குடித்து முடிக்கப் பதினொன்றரை. மூன்று மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிட வேண்டும். ஆக, பாறையில் வெறுங்காலோடு நிற்க முடியாத நேரம் எதுவோ, அதுதான் அவர்களுக்கு வேலை நேரம். அந்தச் சூட்டில் பைப் வேகவைத்த கிழங்குக் கொடி போலத் துவண்டு கிடக்கும். இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும்.

எங்கள் ஆட்கள் கொல்லைப் பயிருக்கு இதே பைப்பைப் போட்டால் நேராகப் போடமாட்டார்கள். விடியலில் போடுவார்கள், அப்போதும் வளைத்து வளைத்து, கொஞ்சம் தொளதொளவென்றுதான் விடுவார்கள். சூப்பர்வைசர் முதல் நாளே அப்படிக் கிடந்த ஒரு பைப்பைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னாப்பா இது, பாம்பாட்டம் போட்டு வெச்சிருக்கீங்க? நம்ம லைன் போட்டோவுல நேரா வரணும்" என்றார். பில்லுக்குப் போட்டோ வேண்டும். இரண்டு பேர் பிடித்து இழுக்க, கயிறு கட்டியது போல விறைப்பாக நின்றது. நான் அவர் பக்கத்தில் போய், பனி காலத்தில் இது சுருங்கும், கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"நீ எத்தினாவது படிச்ச?"

"பத்தாவதுங்க."

"பாஸா?"

"இல்லீங்க."

அவர் பைப்பை இழுக்கிறவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தவறியது அறிவியலில்தான். அதை அவர் கேட்கவில்லை என்று அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே கசப்பு.

மார்கழி பிறந்து நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, விடியலில் வால்வைத் திறந்துவிட்டு இறங்கி வந்தால், ஒரு இடத்தில் பைப் அதன் இணைப்புக் குழலான கப்ளிங்கை விட்டு உருவிக்கொண்டு கிடந்தது. நடுவில் ஒன்றரை முழம் இடைவெளி. ஊற்றுத் தண்ணீர் முழுவதும் பக்கத்திலிருந்த அவரைக்காய்க் கொல்லையில் பாய்ந்துகொண்டிருந்தது. அது ஒரு அக்காவின் கொல்லை. புருஷன் இல்லாதவர், தனியாக உழைத்துச் சாப்பிடுபவர். எவரிடமும் குழைந்து பேசமாட்டார். அதனால் ஊரில் அவருக்கு நல்ல பெயர் இல்லை.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டோம். அவர் வழக்கம்போல மதியம் வந்தார். அதற்குள் வெயில் ஏறி, வால்வை மூடியதால் காலியாகக் கிடந்த பைப் சூடாகி நீண்டு, கப்ளிங்கின் வாய்க்கே வந்து நின்றது. தள்ளினார், உள்ளே போனது. பைப்பின் மேல் குற்றமில்லை, கொல்லைக்குத் தண்ணீர் திருப்ப அக்காதான் கழற்றியிருக்கிறார் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. இருந்தாலும் பசை ஒன்றை அப்பிவிட்டுப் போனார். இந்தக் கறுப்பு பைப்பில் அந்தப் பசை ஒட்டாது. மறுநாள் காலையில் அது பால் ஆடை போலக் கையோடு வந்தது. அடுத்த முறை கம்பி வைத்து முறுக்கினார். அந்த இணைப்பு பிழைத்தது, அதற்குக் கீழே இருந்தது கழன்றது. அங்கே அக்காவின் கொல்லை இல்லை. அப்போதாவது யோசித்திருக்கலாம். "அந்தம்மா உஷாராயிட்டாங்க, எடத்த மாத்திக்கினாங்க" என்றார்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். இன்னொரு முறை கழன்றால் அக்கா வீட்டுக் குழாயைப் பிடுங்கிவிட்டு, போலீஸிலும் எழுதிக் கொடுப்பது என்று பேச்சு.

"நான் வந்து பாக்கறப்ப பைப்பு வாய்லயே நிக்குது. தானா கயண்டது எப்பிடி அளவா வந்து நிக்கும்? எவனோ கயட்டி வெக்கிறான்" என்றார் சூப்பர்வைசர்.

"எவனோ இல்ல சார், எவளோ" என்றார் எங்கள் வார்டு உறுப்பினர். சிரித்தார்கள்.

அக்கா சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "எனுக்குத் தண்ணி வேணும்னா ஊத்துலயே மொண்டுக்குவேன். தெனம் விடிகாலையில போறது இந்தத் தம்பிதான். அதக் கேளுங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது முழுவதும் எனக்குத் தெரியும். "நான் யாரையும் பாக்கலீங்க" என்றேன். பொய் இல்லை. ஆனால் அங்கிருந்தவர்கள் அதை, இன்னும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கும் தெரியும்.

அதற்கடுத்த வாரமும் ஒரு இணைப்பு கழன்றது. இந்த முறை நான் போன் செய்யவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியின் தையல் டேப்பை எடுத்து வந்து, இடைவெளியின் மேல் விரித்துப் போட்டோ எடுத்தேன். ஆறு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று. பன்னிரண்டு வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு போட்டோவிலும் பைப் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் வாயைத் தொட்டது. ஒரு மனிதக் கை படவில்லை. டவர் கிடைக்கும் வளைவுக்கு நடந்துபோய், ஏழு போட்டோக்களையும் பஞ்சாயத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதக்கூட எனக்குக் கூச்சம்.

முதலில் ஒருவர் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்பினார், மதியம் ஒரு மணிக்கு. அதன் பிறகு சூப்பர்வைசரின் குரல் பதிவு வந்தது. இது கிளைமேட் பிரச்சினை என்று தனக்கு முதலிலிருந்தே சந்தேகம் இருந்ததாம். ஜமுனாமரத்தூர் யூனியன் ஆபீஸிலும் சொல்லியிருந்தாராம். மறுவாரம் வந்து, ஒவ்வொரு சுருள் பைப்புக்கும் இரண்டு முழம் கூடுதலாக விட்டு, பாம்பாட்டம் வளைத்துப் போட்டார். எப்படி வளைக்க வேண்டும் என்று எனக்குக் கற்றும் கொடுத்தார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழாயைப் பிடுங்காமல் விட்டதே பெரிய மனசு என்று வார்டு உறுப்பினர் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானாவது சொல்லலாம் என்று கொல்லைக்குப் போனேன். அக்கா அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது, உங்கள் மேல் தப்பில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்றேன்.

"சுருங்குதுன்னு எப்போலேருந்து தெரியும் உனுக்கு?"

"போடறப்பவே தெரியும்கா."

பறிப்பதை நிறுத்தினார். "ஜீப்புல வர்றவன் தெரியாம சொன்னான். நீ தெரிஞ்சிக்கினு கூட்டத்துல சொல்லல. ரெண்டு பேர்ல எவன் தேவலைன்னு நீயே சொல்லு."

நான் பைப்பை ஒட்டியே இறங்கிப் போனேன்.

இப்போது பைப் கழல்வதில்லை. அக்கா வீட்டு வாசல் குழாயில் தண்ணீர் வருகிறது. நான்தான் திறந்துவிடுகிறேன், எனக்குத் தெரியாதா. ஆனால் அவர் அதைத் தொடுவதில்லை. விடியலில் குடத்தோடு ஊற்றுக்கு ஏறுகிறார். பாதை குறுகல் என்பதால் தினமும் எதிரெதிரே வருகிறோம். சூப்பர்வைசரின் ஜீப்புக்கு ஒதுங்குவது போல ஓரமாக ஒதுங்கி நின்று, நான் கடந்து போகும்வரை பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.