தாங்கும், போங்க

இதில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியதில்லை. எங்கள் ஊர் அரவிந்தன் பேய் என்றாலே கேலி பேசுகிற ஆள். அவனே இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறான்.

போன தை மாதம். விடிந்தும் விடியாத நேரம். மனைவி விஜயலட்சுமிக்கு வலி எடுத்துவிட்டது. நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவளைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கிளம்பினான். ரோடு தெரியாத அளவுக்குப் பனி.

எங்கள் பக்கம் அறுப்பு முடிந்தால் பாதி ரோடு நெல்லுக்குத்தான். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைப்போம். நெல்லை மட்டும் அள்ளிக்கொண்டு, கல்லை அப்படியே போட்டுவிட்டுப் போவோம். எங்கள் புத்தி அது. அப்படிக் கிடந்த ஒரு கல்லில்தான் கார் ஏறி இறங்கியது.

பின்பக்க இடது டயர். காற்று இறங்கவில்லை. ஆனால் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். எந்த நிமிஷமும் வெடிக்கலாம். வெடிக்காமல் தஞ்சாவூர் வரை போகவும் செய்யலாம். பஞ்சர் பார்க்கக் கொடுத்த ஸ்டெப்னியைச் சோம்பல்பட்டு வாங்காமல் விட்டிருந்தான். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். காருக்குள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போவதா, நிற்பதா என்று தெரியாமல் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தான். ரோட்டோரம் விரித்திருந்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். கொட்டுகிற பனியில் எவராவது நெல் காயப்போடுவார்களா? அந்த அவசரத்தில் அது அவனுக்கு உறைக்கவில்லை.

அவர் வந்து குந்தினார். வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தாங்கும் தம்பி... போங்க."

மூச்சு வாங்கியபடி சொன்னார். அவனுக்கு அது போதுமாயிருந்தது. காரை எடுத்து மெதுவாக உருட்டினான்.

தப்... தப்... தப்...

கொஞ்ச தூரத்தில் சத்தம் கனத்தது. யாரோ ஏறினாற்போல வண்டி பின்னால் தாழ்ந்தது.

"ஏங்க, அவர எதுக்கு ஏத்துனீங்க?"

கண்ணாடியில் பார்த்தான். விஜயலட்சுமி மட்டும்தான். ஆனால் வலது கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இடம் விட்டு.

"யார?"



தப்... தப்...

"துண்டெல்லாம் ரத்தமா இருக்குங்க..."

நிறுத்தினால் குழந்தை... ஓட்டினால் டயர்... திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை.

பனிக்குள் வாய்க்கால் பாலம் தெரிந்தது.

"பாலத்துல எறங்கணுமாம்."

பிரேக்கை மிதித்தான்.

கார் நின்றது.

டமார்!

நின்ற வண்டியில் டயர் வெடித்தது. மணி 6.35.

பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இல்லவே இல்லை. கீழே தண்ணீர் கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த பால் வண்டிக்காரர் அவளை வலப்பக்கமாக இறக்கி, ஏற்றிக்கொண்டு போனார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

டயர் மாற்றிய கடைக்காரர் உபைதுல்லா, எங்கே வெடித்தது என்று கேட்டார். சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். முந்தின வருஷம் அதே ரோட்டில் ஒரு கார் கல்லில் ஏறித் தடம் மாறி, நெல் காயவைத்துக்கொண்டிருந்தவரை அடித்துவிட்டதாம். அடித்தவரே அவரைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டிருக்கிறார். டயர் வீங்கியிருப்பதைக் கண்டு தயங்கியபோது, தாங்கும், போங்க என்று கெஞ்சியது அடிபட்டவர்தானாம். பாலம் வரைக்கும்தான் உயிர் இருந்தது.

மனைவியையும் குழந்தையையும் அந்தக் காரிலேயே வீட்டுக்கு அழைத்துவந்தான். வழியில் எல்லாவற்றையும் சொன்னான். நல்லவேளை, அவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிட்டார் என்றான்.

பின்சீட்டில் விஜயலட்சுமி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எறங்கணும்னுதான் சொன்னாரு. அந்தப் பக்கக் கதவ நீங்க தொறக்கவே இல்லையே."