ராபின் காதுக்குச் சனிக்கிழமை எண்ணெய்

“…செவ்வாய்க்கிழமையும் அதுவுமா, ஏகாதசி வேற. ஆம்பளை நாய்க்கு இன்னிக்கு எண்ணெய் விடுவாளோ யாராவது?” என்றார் அத்திம்பேர். எண்ணெய்க் கிண்ணத்தோடு அக்கா கூடத்தில் நின்றாள். அவள் காலடியில் ராபின் தலையை ஒருக்களித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரலை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அக்காவும் அத்திம்பேரும் அப்போது பவானிபூரில் குடியிருந்தார்கள். ஹவுராவில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அவர்களோடுதான் இருந்தேன். ராபின், அத்திம்பேருடைய ஆபீஸ் துரை வளர்த்த நாய். சீமைக்குக் கப்பலேறும்போது துரை அதன் கயிற்றை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். “துரை குடுத்ததை வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?” என்று அழைத்து வந்தவர், வந்த அன்றே அதற்கும் ஆசாரம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். குழந்தையில்லாத அக்காவுக்கோ, அது வந்த பிறகுதான் பகல் முழுக்கப் பேச ஓர் ஆள் கிடைத்தது.

மழைக்காலம் முடிகிற சமயம், ராபின் ஓயாமல் தலையை உதறியது. பின்னங்காலால் காதைப் பிறாண்டும், சுவரில் தேய்க்கும். மடலைத் திருப்பினால் உள்ளே காப்பிச் சக்கை மாதிரி கறுப்பாக ஏதோ அப்பிக்கிடக்கும்; கூடவே ஒரு வாடை. “குளிப்பாட்டறச்சே தண்ணி போயிருக்கும்” என்றார் அத்திம்பேர். மனசு கேட்காமல் பெஹாலாவிலிருந்து ஒரு வங்காளி மிருக வைத்தியரை அழைத்து வந்தேன். அவர் அந்தச் சக்கையைக் கறுப்புக் காகிதத்தில் உதிர்த்து, பூதக்கண்ணாடியை நீட்டினார். வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன! வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டு, காதின் அடியைப் பிசைந்து, பஞ்சால் துடைக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், மாதம் முழுக்க விடாமல் செய்ய வேண்டும். நிறுத்தினால் முட்டை பொரித்துப் பூச்சி மறுபடி பெருகும், புண்ணாகிக் காதே கேட்காமல் போகலாம் என்றார்.

எண்ணெய் என்ற பேச்சுதான் வினையாகிவிட்டது. “எண்ணெய்தானே, பேஷா விடலாம். சனிக்கிழமை” என்றார் அத்திம்பேர். எங்கள் வீட்டில் ஆண்களுக்கு எண்ணெய் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை. ராபின் ஆண்.

“அத்திம்பேரே, இது மருந்து!” என்று கத்தினேன்.

“மருந்துன்னா சீசாவில வரும்டா. இது நம்மாத்து நல்லெண்ணெய்.”

சனிக்கிழமை பிறந்தால் அவரே அக்கறையாக எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார். அக்கா அதன் காதில் விடுவாள். ஞாயிறன்று ராபின் நிம்மதியாகத் தூங்கும். “பாத்தியா?” என்பார் என்னிடம். செவ்வாய்க்குள் பழையபடி உதறல். அந்தப் பூச்சிகளுக்குக் கிழமை தெரியாது என்பதை அவருக்கு எந்த பாஷையில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, “வர சனி அமாவாசை. அதுக்கடுத்த சனி பாத்துக்கலாம்” என்றார்.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. “வலது காது ஏற்கெனவே போயாச்சு, இடதும் பாதி அடைச்சிண்டுடுத்து. நம்பலேன்னா நீங்களே கூப்பிட்டுப் பாருங்கோ.”

அத்திம்பேர் வலப்பக்கமாகப் போய் நின்று, “ராபின்” என்றார். அது திரும்பவில்லை. குனிந்து, காதருகே இன்னொரு தரம் உரக்கக் கூப்பிட்டார். அப்போதும் அது அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் மேல்துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ராபினின் தலையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, “நான் பாக்கலை. நீ விடு” என்றார்.